கழிப்பறைச் சாதனங்களில் கண்டுபிடிப்பு: மகனை எந்தப் படிப்பில் சேர்ப்பது?

அம்மா,

உங்கள் கடிதத்தில் மூன்று கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. பள்ளி இறுதியாண்டில் இருக்கும் மகன், "டாய்லெட், குழாய், ஷவர் இதிலெல்லாம் புதுசா ஏதாவது கண்டுபிடிக்கணும்" என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். அதற்கென்று படிப்பு உண்டா என்பது ஒன்று. இருந்தாலும் அதை வைத்துப் பிழைக்க முடியுமா என்பது இரண்டு. அவன் வரைந்த ஃப்ளஷ் டேங்க் வால்வுக்கு பேட்டன்ட், அதாவது காப்புரிமை, வாங்கித் தருகிறோம், பணம் கட்டுங்கள் என்று ஓர் ஏஜென்சி விடாமல் கூப்பிடுகிறதே, கட்டலாமா என்பது மூன்று. சொந்தக்காரர்கள் "என்ன, கக்கூஸ் இன்ஜினியரா?" என்று சிரிப்பதையும் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதுதான் உங்களை அதிகம் உறுத்துகிறது என்று நினைக்கிறேன்.

ஏஜென்சிக்குப் பணம் கட்டாதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

சிரிப்பவர்களைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. நாற்றம் மேலேறாமல் நீரைத் தேக்கி அடைக்கும் 'எஸ்' வளைவுக்கு 1775-ல் காப்புரிமை வாங்கிய அலெக்ஸாண்டர் கம்மிங் ஒரு கடிகாரக் கலைஞர். 1778-ல் ஃப்ளஷ் டாய்லெட்டின் வால்வைத் திருத்திக் காப்புரிமை வாங்கிய ஜோசப் பிராமா, பூட்டுக்கும் ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்கும் பேர்போனவர். சிரிக்கிற உறவினர்களில் இன்ஜினியர் யாராவது இருந்தால், அவரும் பிராமா பிரஸ்ஸைப் படித்துத்தான் பாஸ் பண்ணியிருப்பார்.

என் கவலை வேறு. உங்கள் மகன் அனுப்பிய படத்தில் வால்வு அழகாகவே இருக்கிறது. ஆனால் அதை எந்தப் பொருளில் செய்வது, அச்சிலிருந்து எப்படிக் கழற்றுவது, வருடக்கணக்கில் நீரில் ஊறினால் அதன் ரப்பர் என்னவாகும் என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இந்தத் துறையில் யோசனைக்குப் பஞ்சமே கிடையாது. ஒன்றைப் போலவே ஆயிரம் உருப்படிகளைச் செய்து தரத் தெரிந்தவர்கள்தான் குறைவு. அதனால் முதலில் தயாரிப்பைக் கற்கட்டும், கண்டுபிடிப்பு அதன் பின்னால் வரட்டும் என்பதுதான் என் ஆலோசனை.

ஒரு கமோடு எப்படிப் பிறக்கிறது என்று பாருங்கள். களிமண், கயோலின், ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் ஆகியவற்றை நீரில் கலந்து குழம்பாக்கி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுவார்கள். குழம்புக்கு ஆலையில் ஸ்லிப் என்று பெயர். அச்சு நீரை உறிஞ்ச உறிஞ்ச, அதன் சுவரோரம் களிமண் கெட்டியாகிக்கொண்டே வரும். வேண்டிய கனம் வந்ததும் மிச்சத்தை வடித்துவிட்டு, அச்சைப் பிரித்து, ஈரமாக நிற்கும் உருவத்தை நோகாமல் வெளியே எடுக்க வேண்டும். பிறகு உலர்த்தி, கிளேஸ் என்ற கண்ணாடிப் பூச்சைப் பூசி, ஏறத்தாழ 1,200 டிகிரி செல்சியஸ் சூட்டில் சூளையில் வேக வைப்பார்கள். இதற்குள் பொருள் நூற்றுக்குப் பத்துப் பங்கு அளவுக்குச் சுருங்கிவிடும். எல்லா இடமும் ஒன்றுபோலச் சுருங்கினால் தொல்லையில்லை. கனமான இடம் நிதானமாகக் காயும், மெல்லிய இடம் சட்டென்று காயும். அந்த இழுபறியில் விரிசல் விழும். சூளையின் உச்ச சூட்டில் உடல் இளகி, தன் எடை தாங்காமல் லேசாக அமுங்கும். அதனால் கடைசியில் மட்டமாக வர வேண்டிய விளிம்பை, அச்சு வடிவமைப்பவர் முதலிலேயே கொஞ்சம் தூக்கி வளைத்து வைத்திருப்பார். அந்த 'கொஞ்சம்' எவ்வளவு என்று தெரிந்தவருக்கு எந்த ஆலையிலும் மரியாதை உண்டு.

இந்தத் துறையின் பெரிய கண்டுபிடிப்புகளில் பல, வாங்குகிறவர் கண்ணில் படாதவை. பிளாஸ்டர் அச்சு நீர் குடித்து ஓய்ந்துவிடும், காய வைத்துத்தான் மறுபடி ஊற்ற முடியும், சீக்கிரமே தேயவும் செய்யும். நுண்துளைகள் கொண்ட ரெசின் அச்சில் ஸ்லிப்பை அழுத்தத்தோடு செலுத்தும் முறை வந்த பிறகு, மணிக்கணக்கில் நடந்த வேலை நிமிடக் கணக்குக்கு இறங்கியது. விளிம்பில்லாத கமோடும் அப்படித்தான். சுத்தம் செய்ய எளிது என்று விளம்பரம் சொல்கிறது. உள்ளே குடைந்த விளிம்பைத் தனியாக வார்த்து ஒட்டுகிற வேலையும், ஒட்டின இடத்தில் வரும் விரிசலும் இல்லாமல் போகிறதே என்று ஆலைக்காரர் சந்தோஷப்படுவார். பதிலுக்கு, நீர் வெளியே தெறிக்காமல் சுற்றி ஓட வைக்கும் தலைவலி வடிவமைப்பாளர் தலையில் விழுகிறது.

மகனுக்கு ஃப்ளஷ் டேங்க்கில்தான் ஆசை என்பதால், அவனுக்கு ஒரு கதை. ஆஸ்திரேலியாவின் கரோமா நிறுவனத்தில் புரூஸ் தாம்சன் 1980-ல் இரட்டைப் பொத்தான் ஃப்ளஷ் கொண்டுவந்தார். முழு ஃப்ளஷ்ஷுக்கு 11 லிட்டர், பாதி ஃப்ளஷ்ஷுக்கு 5.5 லிட்டர். பின்னால் அதை 6 லிட்டருக்கும் 3 லிட்டருக்கும் இறக்க முனைந்தபோது, தொட்டியை மட்டும் தொட்டால் போதவில்லை, கோப்பையின் வடிவத்தையும் மாற்ற வேண்டியிருந்தது. அமெரிக்காவில் 1994 முதல் புதிய வீட்டு டாய்லெட்டுகள் ஒரு ஃப்ளஷ்ஷுக்கு சுமார் 6 லிட்டருக்கு மேல் எடுக்கக் கூடாது என்று சட்டம் நடைமுறைக்கு வந்தது. முதலில் வந்த மாடல்கள் பலவற்றில் மக்கள் இரண்டு தடவை ஃப்ளஷ் செய்து, மிச்சப்படுத்திய நீரைத் திரும்பக் கொட்டினார்கள். எது உண்மையில் நன்றாகத் தள்ளுகிறது என்று அளக்க 2003-ல் 'மேப்' என்ற சோதனை வந்தது. சோயாபீன் விழுதை உருட்டி, எத்தனை கிராம் வரை ஒரே ஃப்ளஷ்ஷில் போகிறது என்று பார்ப்பார்கள். சிரிப்பாக இருக்கும். ஆனால் அந்த எண்ணைப் பார்த்துத்தான் கம்பெனிகள் கோப்பையின் உள்வளைவைத் திருத்தின. சோதனைக்கூட இன்ஜினியர் என்ற வேலையை இளைஞர்கள் யாரும் கேட்டு வருவதில்லை. நான் துணிந்து சிபாரிசு செய்கிற வேலை அது. எது எங்கே தோற்கிறது என்று தினமும் பார்க்கிறவருக்குத்தான் எதைத் திருத்தலாம் என்று தோன்றும்.

படிப்புக்கு வருகிறேன். 'சானிட்டரி சாதனக் கண்டுபிடிப்பு' என்று பெயரிட்ட பட்டத்தைத் தேடி அலைய வேண்டாம். நீரோட்டம், வால்வு, அச்சு இவற்றில் நாட்டம் இருந்தால் மெக்கானிக்கல். மண்ணும் சூளையும் பிடித்தால் செராமிக் அல்லது மெட்டீரியல்ஸ் இன்ஜினியரிங். இடங்கள் குறைவு, ஆனால் போட்டியும் குறைவு. வடிவமும் பயன்படுத்துவோரின் வசதியும்தான் ஈர்க்கிறது என்றால் இண்டஸ்ட்ரியல் டிசைன். மதிப்பெண் கைகொடுக்காவிட்டால் டூல் அண்ட் டை டிப்ளமோவை மட்டமாக நினைக்காதீர்கள். பிளாஸ்டிக் வால்வுக்கு அச்சு செய்யத் தெரிந்தவரிடம் பட்டதாரிகள் வந்து சந்தேகம் கேட்டு நிற்பார்கள். உங்கள் மகனுக்கு, படத்தை வைத்துச் சொல்வதானால், மெக்கானிக்கல்.

பிழைப்பு? மனிதர் இருக்கும் வரை கழிப்பறை இருக்கும், அதில் சந்தேகமில்லை. வேலை கமோடோடு நிற்பதும் இல்லை. ஒரு பித்தளைக் குழாயை எடுத்தால் வார்ப்பு, கடைசல், பாலிஷ், அதன் மேல் நிக்கல், குரோமியம் முலாம். அலங்கார முலாமுக்குப் பல காலமாகப் பயன்படுத்திய ஆறிணைதிற (ஹெக்ஸாவேலன்ட்) குரோமியம் புற்றுநோய் உண்டாக்குவது. அதை விட்டு முவ்விணைதிற (ட்ரைவேலன்ட்) குரோமிய முறைக்கோ வெற்றிடப் பூச்சுக்கோ மாறிய பின்னும் அதே பளபளப்பைக் கொண்டுவருவது இன்றும் பலரின் முழுநேர வேலை. ஜப்பானின் டோட்டோ 1980-ல் கொண்டுவந்த வாஷ்லெட்டில் நீர், மின்சாரம், வெந்நீர் மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்தன. அங்கே எலக்ட்ரானிக்ஸ் படித்தவருக்கு இடம். அதற்கும் முன்னோடி உண்டு. அமெரிக்காவில் மருத்துவத் தேவைக்காக வந்த கழுவும் இருக்கையை இறக்குமதி செய்து விற்ற அனுபவத்தில்தான் டோட்டோ தன்னுடையதை உருவாக்கியது.

பாதாளச் சாக்கடை எட்டாத இடங்களுக்கான வேலை தனி உலகம். அமெரிக்கன் ஸ்டாண்டர்டு நிறுவனம் வங்கதேசத்துக்காக உருவாக்கிய சாட்டோ பிளாஸ்டிக் பேசினில் மின்சாரமும் இல்லை, சென்சாரும் இல்லை. எதிர் எடை வைத்த சின்னக் கதவு நீரின் பாரத்தில் திறந்து தானே மூடிக்கொள்ளும். ஈயும் நாற்றமும் அடைபடும். சாக்கடை இணைப்பில்லாமல் இயங்கும் கழிப்பறைகளுக்கு 2018-ல் ஐஎஸ்ஓ 30500 என்ற தரநிர்ணயம் வந்தது. அடுத்த வருடம் லாஃபென் நிறுவனம் காட்டிய 'சேவ்' கமோடு இன்னும் நயமானது. பாத்திரத்தை மெல்லச் சாய்த்தால் நீர் விளிம்போரமாகவே ஒட்டி வழியுமே, அதே குணத்தால் சிறுநீர் கோப்பைச் சுவரோரம் வழிந்து தனித் துளைக்குள் போகும். வேகமாக வரும் ஃப்ளஷ் நீர் துளையைத் தாண்டிப் போய்விடும். நகரும் பாகம் ஒன்றுகூட இல்லை. எனக்கு இந்த வகைக் கண்டுபிடிப்புதான் பிடிக்கும், கெட்டுப்போக அதில் ஒன்றும் இல்லை பாருங்கள்.

இனி அந்த ஏஜென்சி. காப்புரிமை என்பது, விண்ணப்பித்த நாளிலிருந்து பொதுவாக 20 வருடம், மற்றவர்கள் அதைச் செய்து விற்காமல் தடுக்கும் உரிமை. இடையில் புதுப்பிப்புக் கட்டணம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் மட்டும் காசு வராது. யாராவது தயாரித்து விற்க வேண்டும். 'உலக பேட்டன்ட்' என்று ஒன்று கிடையாது. பிசிடி என்ற சர்வதேசக் காப்புரிமை ஒப்பந்தம் வழியாக ஒரே விண்ணப்பத்தைப் பல நாடுகளுக்கு நீட்டலாமே தவிர, உரிமையை அந்தந்த நாடுதான் பரிசீலித்துத் தரும். உலகம் முழுக்க வாங்கித் தருகிறோம் என்று போனில் சொன்னார்களா? அப்படியென்றால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். ஏற்கெனவே இப்படி ஒன்று இருக்கிறதா என்று தேடிப் பார்க்காமலே "சூப்பர் ஐடியா" என்று சொல்கிறவர், யாருடைய படத்தைப் பார்த்தாலும் அதையேதான் சொல்வார்.

தேடுவதற்குக் காசு வேண்டாம். எஸ்பாசெனெட் (Espacenet), கூகுள் பேட்டன்ட்ஸ் என்ற காப்புரிமை தேடும் இணையதளங்கள் இரண்டும் இலவசம். அங்கே இ03டி (E03D) என்ற வகைப்பாட்டில் ஃப்ளஷ் டாய்லெட்டும் அதன் வால்வுகளும் இருக்கின்றன. வாஷ்பேசின், வீட்டுக் குழாய் அமைப்பு இ03சி-யில் (E03C). களிமண் வார்க்கும் முறைகள் பி28பி-யில் (B28B). தன் வால்வைப் போன்றவற்றை அங்கே அவன் நிறையப் பார்ப்பான், முதலில் முகம் வாடும். வாடட்டும். காலாவதியான காப்புரிமைகளைப் படித்து, இதில் என்ன குறை, ஏன் யாரும் செய்யவில்லை என்று நோட்டில் எழுதச் சொல்லுங்கள். இந்தப் பழக்கமே பிற்காலத்தில் காப்புரிமை ஆய்வாளர் வேலைக்கும் வழி திறக்கும். நிஜமாகவே புதிதாக ஒன்று தோன்றினால், விண்ணப்பிக்கும் முன் யூடியூபிலோ கண்காட்சியிலோ காட்டக் கூடாது. பெரும்பாலான நாடுகளில் வெளியே காட்டியதற்கு அப்புறம் அது 'புதியது' இல்லை. நாளை கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து கண்டுபிடித்தால், கண்டுபிடித்தவர் என்று அவன் பெயர் வரும், உரிமை பெரும்பாலும் கம்பெனிக்குப் போகும். இதைக் கையெழுத்துப் போடும் முன் தெரிந்துகொள்வது நல்லது.

இப்போதைக்கு வீட்டிலேயே ஒரு வேலை கொடுங்கள். ஃப்ளஷ் டேங்க் நீரில் சாயம் நாலு சொட்டு விட்டு, அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்யாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். கோப்பையில் நிறம் தெரிந்தால் வால்வு கசிகிறது. ரப்பர் உப்பியிருக்கிறதா, உட்காரும் இடத்தில் உப்புப் படிந்திருக்கிறதா, சங்கிலி இடையில் மாட்டிக்கொண்டதா என்று காரணத்தைத் தேடி, படம் வரைந்து, தேதி போட்டு எழுதட்டும். கல்லூரி பார்க்கப் போகும்போது அந்த நோட்டையும் எடுத்துப் போங்கள். கட்டடத்தைச் சுற்றிக் காட்டுவார்கள். நீங்கள் பட்டறை எங்கே என்று கேளுங்கள். கடைசல் இயந்திரத்தையும் சூளையையும் மாணவர்களே இயக்குகிறார்களா, அல்லது எட்ட நின்று வேடிக்கை பார்க்கிறார்களா என்பதை அங்கே படிக்கிற பிள்ளைகளிடமே விசாரியுங்கள்.