மலேசியாவில் 'முஹிப்பா' என்று சொல்கிறார்களே, அதற்கு என்ன பொருள்? எந்த மொழிச் சொல்?

இங்கே சுற்றுலா வந்தபோது ஏதாவது பெயர்ப்பலகையில் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

மூலம் அரபு. 'மஹப்பா' என்றால் அன்பு. இந்திப் பாட்டில் வரும் 'மொஹப்பத்', முஸ்லிம் பெயர்களில் வரும் 'ஹபீப்', 'முஹிப்புல்லா' எல்லாம் அதே வேர்தான். இந்தியில் அது காதலாகிவிட்டது. மலாயில் நல்லெண்ணம், இணக்கம் என்று நின்றுவிட்டது. அமைச்சர் பக்கத்து நாட்டுக்கு நல்லெண்ணப் பயணம் போனால் 'லாவாத்தான் முஹிபா' என்று செய்தி வாசிப்பார்கள்.

ஆனால் எங்கள் காதில் அது விழுந்தால் மலாய்க்காரர், சீனர், இந்தியர் ஒற்றுமைதான் நினைவுக்கு வரும். 1969 மே 13 இனக் கலவரத்துக்குப் பிறகு அரசாங்கம் முஹிப்பா குழுக்களை அமைத்தது. மறு ஆண்டு ஆகஸ்ட் 31-இல் ருக்குன் நெகாரா என்ற தேசியக் கோட்பாடு வந்தது. அப்புறம் பள்ளிக் கட்டுரை, சுதந்திர தினப் பதாகை என்று எங்கும் முஹிப்பாதான். நானும் கட்டுரையில் அதை எழுதி நல்ல புள்ளிகள் வாங்கியவன்தான்.

வீட்டில் யாரும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. தீபாவளிக்கு அம்மா கோழியை ஹலால் கடையில்தான் வாங்குவார். பக்கத்து வீட்டு மாக் சிக் (மலாய்க்கார அத்தை) தயங்காமல் சாப்பிடட்டும் என்று தனிச் சட்டி, தனிக் கரண்டி, காகிதத் தட்டு. பெருநாளுக்கு அங்கிருந்து ரெண்டாங் கறியும், ஓலையில் வைத்து வேகவைத்த கெத்துப்பாட் சோறும் வரும், கறி எங்களுக்காக மாட்டிறைச்சி போடாமல் கோழியில் செய்தது. அந்த டப்பாவை அம்மா காலியாகத் திருப்பிக் கொடுத்ததே இல்லை, முறுக்காவது போட்டுத்தான் அனுப்புவார்.

சரி, மறுபக்கமும் சொல்லிவிடுகிறேன். வேலை மாறி கோலாலம்பூரில் வாடகை வீடு தேடினேன். முகவர் போனில் எல்லாம் பேசி முடித்துவிட்டு, கடைசியில் "நீங்கள் இந்தியரா?" என்றார். ஆமாம் என்றதும் வீட்டுக்காரரிடம் கேட்டுச் சொல்வதாக வைத்துவிட்டார். அவ்வளவுதான், திரும்ப அழைக்கவில்லை. விளம்பரம் மட்டும் வாரக்கணக்கில் அப்படியே கிடந்தது. அந்த வீடு இருந்தது 'தாமான் முஹிப்பா'வில்! கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் தேடிப் பார்க்கலாம், அந்தப் பெயரில் குடியிருப்புகள் ஒன்றுக்கு மேல் இருக்கின்றன.

உடனே "நாட்டைக் குறை சொல்கிறான்" என்று யாராவது கிளம்புவார்கள். இல்லை ஐயா, இது என் நாடு, வாடகையும் இங்கேதான் கட்டுகிறேன். இந்தியக் குத்தகையாளர் வேண்டாம் என்று சொல்லும் இந்திய வீட்டுக்காரர்களையும் பார்த்திருக்கிறேன். ஒரு சிலர் வாடகையை ஏமாற்றிவிட்டு ஓடியிருக்கலாம், அதற்கு என் சம்பளச் சீட்டைக் கேளுங்கள், முன்பணம் கூட்டிக் கேளுங்கள். இனத்தை ஏன் கேட்கிறீர்கள்?

கடைசியில் வீடு கொடுத்தது ஒரு சீன அம்மா. மாதம் ஏழாம் தேதிக்குள் பணம் வந்துவிடுமா, நாய் வளர்ப்பீர்களா, இந்த இரண்டைத்தான் கேட்டார்.