காபிச் சர்க்கரையும் செல்லின் மேலுள்ள சர்க்கரையும்

கேள்வி: என் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து, மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோவுக்காக வேலூர் போய் வருகிறோம். புற்றுநோய் செல்லின் மேல் சர்க்கரை இருப்பதாகவும், அதுதான் நோயைப் பரப்புகிறது என்றும் உறவினர் ஒருவர் சொன்னார். அன்றிலிருந்து அக்காவுக்குக் காபியில் சர்க்கரை இல்லை, சோறும் பாதிதான். ஆறு கிலோ இளைத்துவிட்டார். இது சரியா?
- வாசகி, குடியாத்தம்

பதில்: செல்லின் மேல் சர்க்கரை இருப்பது உண்மைதான் அம்மா. ஆனால் அது காபி டம்ளரிலிருந்து போய் ஒட்டிக்கொண்டது இல்லை. ஒவ்வொரு செல்லும் தனக்குள்ளேயே செய்து, மணி கோத்த மாதிரி வெளியே நீட்டிவைக்கும் சங்கிலி அது. நல்ல செல்லிலும் உண்டு. ஏ குரூப் ரத்தம், பி குரூப் ரத்தம் என்கிறோமே, அந்த வித்தியாசமே சங்கிலியின் நுனியில் இருக்கும் ஒரு சர்க்கரைதான்.

வேலூரில் திசுப் பரிசோதனைக்கூடத்தில் முப்பது வருடம் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்தவள் நான். இந்தச் சர்க்கரையைப் பார்க்க எங்களுக்கு உதவியது, ஆரணிப் பக்கம் மூட்டை மூட்டையாக விளையும் வேர்க்கடலை! அதிலிருந்து எடுக்கும் லெக்டின் என்ற புரதம், ஒரு குறிப்பிட்ட சர்க்கரைத் துண்டை மட்டும் தேடிப் பிடிக்கும். சாயம் ஏற்றிப் பார்த்தால், நல்ல மார்பகத் திசுவில் பால் குழாயின் உள்விளிம்பில் மெல்லிய பழுப்புக் கோடு தெரியும். புற்றுத் திசுவில் அந்தக் கோடு கலைந்து, செல்லைச் சுற்றியும் உள்ளேயும் பழுப்பு திட்டுத்திட்டாக இருக்கும். சங்கிலியை முழுசாகக் கோக்காமல் பாதியிலேயே விட்டுவிடுகிறது புற்றுநோய் செல். அதனால் மூடியிருக்க வேண்டிய துண்டு வெளியே தெரிகிறது.

சரி, பரவுவது எப்படி? காயம்பட்ட இடத்துக்குப் போகும் வெள்ளை அணு, ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டி நின்று வெளியேற ஒரு சர்க்கரை நுனியைப் பயன்படுத்துகிறது. சியாலில் லூயிஸ் எக்ஸ் என்பது அதன் பெயர். சுவரில் இருக்கும் ஈ-செலக்டின் என்ற புரதம் அதைப் பிடித்து நிறுத்தும். புற்றுநோய் செல்கள் சிலவும் இதே நுனியை அணிந்துகொண்டு ரத்தத்தில் போய், வேறு இடத்தில் ஒட்டிக்கொள்கின்றன. அப்புறம் சியாலிக் அமிலம் என்ற சர்க்கரை மேலே நிறைய இருந்தால், நோய் எதிர்ப்பு அணுக்கள் 'நம்ம ஆள்தான்' என்று விட்டுவிடுகின்றன. பரவுவதற்கு வேறு காரணங்களும் உண்டு, இது அதில் ஒரு பங்கு.

அக்காவின் ஃபைலில் சி.ஏ. 15-3 என்ற ரத்தப் பரிசோதனை இருக்கலாம். சர்க்கரை போர்த்திய மியூசின் என்ற புரதம் செல்லிலிருந்து உதிர்ந்து ரத்தத்தில் எவ்வளவு கலந்திருக்கிறது என்றுதான் அதில் அளக்கிறார்கள். ரத்தச் சர்க்கரைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சோற்றைக் குறைத்தால் செல்லின் மேலுள்ள சங்கிலி போய்விடாது. கல்லீரலே சர்க்கரை செய்து ரத்தத்தில் விடும். இளைப்பது அக்காதான், எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. அக்காவுக்குச் சுகர் இல்லையென்றால் காபியில் ஒரு ஸ்பூன் போட்டுக் கொடுங்கள். சோறு, முட்டை, பருப்பு, கேழ்வரகுக் கூழ் என்று எது இறங்குகிறதோ அதைக் கொடுங்கள். சுகர் இருந்தால் டயட்டீஷியனிடம் கேட்டுச் செய்யுங்கள். அடுத்த கீமோவுக்குப் போனதும் அந்த ஆறு கிலோவை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள். மருந்தின் அளவை உயரம், எடை பார்த்துத்தான் கணக்குப் போடுகிறார்கள்.