புயல் ஏன் திரும்பியது?

கேள்வி: புயலை வைத்து நான் எழுதிய கதையை, ‘இது அறிவியல் புனைகதை இல்லை’ என்று திருப்பி அனுப்பிவிட்டீர்கள். ராக்கெட்டும் ரோபோவும் இருந்தால்தான் போடுவீர்களா?
– ஒரு வாசகர், வேளச்சேரி

பதில்: ராக்கெட் வேண்டவே வேண்டாம். உங்கள் கதையில் சென்னையை நோக்கி வரும் புயலை விஞ்ஞானி ஒருவர் பொத்தானை அழுத்தித் திருப்பி அனுப்புகிறார். எப்படி? அதற்கு ஒரு வரிகூட இல்லை. விஞ்ஞானி இருக்கும் இடத்தில் ஒரு முனிவரை நிறுத்தினாலும் கதை அப்படியே நடக்கும். அதனால்தான் திருப்பினேன்.

புயலுக்குத் தீனி கடலின் வெப்பம். மேல்மட்ட நீர் ஏறத்தாழ 26, 27 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் அது வளரும். அப்படியானால் உங்கள் விஞ்ஞானி கைவைக்க வேண்டியது கடலில். ஆழத்துக் குளிர்ந்த நீரை மேலே கொண்டுவருகிறாரா? கொண்டுவந்தால் மீன் எங்கே போகும்? காசிமேட்டில் படகு வைத்திருப்பவர் அவரைச் சும்மா விடுவாரா? கதை அங்கேதான் இருக்கிறது. நீங்கள் பொத்தானோடு நிறுத்திவிட்டீர்கள்.

1896-இல் ஒரு கூந்தல் எண்ணெய் நிறுவனத்தின் கதைப்போட்டிக்கு ஜகதீஷ் சந்திர போஸ் வங்க மொழியில் ஒரு கதை எழுதினார். கல்கத்தாவைத் தாக்க வந்த புயல் காணாமல் போகிறது; நிபுணர்களுக்குக் காரணம் பிடிபடவில்லை. கடைசியில் பார்த்தால், இலங்கைக்குக் கப்பலில் போன ஒருவர் கூந்தல் எண்ணெயைக் கடலில் ஊற்றியிருக்கிறார்! விளையாட்டான கதைதான். ஆனாலும் எண்ணெய் நீரின் பரப்பு இழுவிசையை, அதாவது நீரின் மேற்பரப்பைத் தோல்போல் இழுத்துப் பிடிக்கும் விசையைக் குறைக்கும் என்ற ஓர் உண்மையைப் பிடித்துக்கொண்டு, அதை எவ்வளவு தூரம் நீட்டலாமோ அவ்வளவு நீட்டியிருக்கிறார். ராக்கெட் இல்லை, ரோபோ இல்லை. இன்றைக்கு வந்திருந்தாலும் உடனே போடுவேன்.

நீங்கள் இருக்கும் ஊரில் பொருளுக்கா பஞ்சம்? 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரை கடந்தபோது, அதன் கண், அதாவது நடுவிலுள்ள அமைதியான பகுதி, நகருக்கு மேல் வந்ததும் காற்று அடங்கியது. அப்புறம் எதிர்த்திசையிலிருந்து அடித்தது. அந்தக் கண் நகராமல் மூன்று நாள் நம் தலைக்கு மேலேயே நின்றால்? இங்கே காற்றே இல்லை, சுற்றிலும் சூறாவளி. பால் வண்டி வராது, யாரும் வெளியேற முடியாது. நின்ற இடத்திலேயே நிற்கும் புயல் அடியிலுள்ள குளிர்நீரைத் தானே கிளறிவிட்டுத் தளர்ந்துபோகும். உங்கள் புயல் ஏன் தளரவில்லை என்று நீங்கள் யோசித்தே ஆக வேண்டும். அந்த யோசனையைத்தான் நான் அறிவியல் என்கிறேன்.

இல்லை, அமைதியான கதைதான் வருமென்றால் கடற்காற்றை எடுத்துக்கொள்ளுங்கள். நிலம் கடலைவிடச் சீக்கிரம் சூடாவதால்தான் அது பகலில் ஊருக்குள் வருகிறது. ஒரு மே மாதம் வங்கக் கடலும் நிலத்துக்குச் சமமாகக் கொதித்தால் காற்று ஏன் வரப்போகிறது? அதை முதலில் கவனிப்பவர் வானிலை ஆய்வு மையத்து அதிகாரியா, மெரினாவில் பட்டம் விற்பவரா? எனக்கென்னவோ பட்டம் விற்பவர் பக்கம்தான் கதை இருப்பதாகப் படுகிறது.

புயலையே திருத்தி எழுதினாலும் சரி, இதை எழுதினாலும் சரி, அனுப்புங்கள். முதல் பக்கத்திலேயே காரணத்தைக் கொட்டிவிட வேண்டியதில்லை. ஆனால் எழுதுகிற உங்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.