யேமன் மரபையும் ஐரோப்பிய பாப் இசையையும் ஓஃப்ரா ஹாசா இணைத்தது எப்படி?

இஸ்ரேலியப் பாடகியான ஹாசாவின் புகழுக்கு 1983இல் மியூனிக்கில் நடந்த யூரோவிஷன் என்ற பன்னாட்டுப் பாடல் போட்டியையே பலர் காரணமாகச் சொல்கிறார்கள். இஸ்ரேலுக்காகப் பாடி இரண்டாமிடம் பெற்றார், உண்மைதான். ஆனால் என் பார்வையில் திருப்புமுனை அதற்கடுத்த ஆண்டு வந்தது.

1957இல் டெல் அவீவின் ஏழ்மையான ஹத்திக்வா பகுதியில், யேமனிலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்தில் பிறந்தவர் ஹாசா. பாப் பாடகியாக வெற்றி கண்டபின், 1984இல் யேமன் யூதர்களின் பழம்பாடல்களை மட்டும் கொண்டு ஓர் இசைத்தொகுப்பு வெளியிட்டார். செம்புத் தட்டையும் தகரத்தையும் தட்டித் தாளம் போடுவது அம்மக்களின் வழக்கம். அந்தத் தொகுப்பின் பாடல்களில் ஒன்றான 'இம் நின்அலு', 17ஆம் நூற்றாண்டுக் கவிஞர் ஷாலோம் ஷபாசியின் பக்திப் பாடல். மின்னணு நடனத் தாளம் சேர்த்த அதன் வடிவம் 1988இல் மேற்கு ஜெர்மனியில் முதலிடம் பிடித்தது. பக்திப் பாடலுக்கு நடன விடுதியில் ஆடுகிறோம் என்று எத்தனை பேருக்குத் தெரிந்திருக்குமோ!

கலவை வெற்றி பெற்றதற்குக் காரணம் எளிது: தாளம் மாறியது, குரல் மாறவில்லை. வளைந்து நெளியும் அந்தக் கமகங்களை அவர் ஐரோப்பியக் காதுகளுக்காக நேராக்கவில்லை. 1998இல் 'தி பிரின்ஸ் ஆஃப் ஈஜிப்ட்' படத்தில் மோசேயின் தாய்க்குக் குரல் கொடுத்தார். 2000இல், 42 வயதில் காலமானார்.