சில விரல் சைகைகள் மட்டும் ஏன் தானாகவே வருகின்றன?

தொடுதிரையில் பக்கத்தை நகர்த்துவது யாரும் சொல்லித்தராமலே வருகிறது. மூன்று விரலால் இழுக்கும் சைகை மட்டும் ஏன் மறந்துபோகிறது என்பது கேள்வி.

விரல் சைகை என்பது பொத்தான் இல்லாமல், விரலசைவாலேயே கருவிக்கு இடும் கட்டளை. அந்த அசைவு நம் மனதில் ஏற்கெனவே உள்ள எண்ணத்தோடு ஒத்துப்போனால் கை தானாகப் போகும்.

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணத்தில், மளிகைக் கடையில் கடன் எழுதும் 555 நோட்டை நினைத்துப் பாருங்கள். மேசைமேல் இருக்கும் நோட்டின் கீழ்வரியைப் பார்க்க, நோட்டை மேலே தள்ளுவோம். தொடுதிரையிலும் அப்படித்தான், விரலோடு தாளே நகர்கிறது. பழைய மவுஸ் சக்கரம் நேர்மாறு: அங்கே நகர்வது தாள் இல்லை, நம் பார்வை. 2011-இல் ஆப்பிள் தன் மேக் கணினிகளில் இந்தத் திசையைத் தொடுதிரையைப் போல மாற்றியபோது பலர் தடுமாறியது இதனால்தான்.

2009-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு எனக்கு மிகவும் பிடிக்கும். திரையில் ஒரு கட்டளையின் விளைவை முதலில் காட்டிவிட்டு, இதற்கு என்ன சைகை செய்வீர்கள் என்று 20 பேரிடம் கேட்டார்கள். எத்தனை விரல் என்பதை அவர்கள் பெரும்பாலும் பொருட்படுத்தவே இல்லை! அப்புறம் மூன்று விரல் இழுப்பு எப்படி நினைவில் நிற்கும்? வடிவமைப்பாளர் தனியாக உட்கார்ந்து யோசிப்பதைவிட இப்படிக் கேட்பதே சரியான வழி.

இயல்பான சைகை பிறவியிலேயே வருவது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது பொருள்களைக் கையாண்ட பழக்கத்திலிருந்து வருகிறது, ஆகவே அம்மாவுக்கு ஒரு சைகை பிடிபடவில்லை என்றால் அவர் வயதைக் குறை சொல்லாதீர்கள்.