கடலைப் பகலில் பார்க்கலாம், ராத்திரி தள்ளிப் படுக்கலாம்

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் போர்ட்லாண்ட் பக்கம் வேலை பார்க்கிறான். அடுத்த ஜூலையில் நானும் மனைவியும் அங்கே போகிறோம். படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ள ஆர்.வி. வண்டியை வாடகைக்கு எடுத்து, வடக்கே அஸ்டோரியாவில் தொடங்கி ஓரிகன் கடற்கரையோரமாகவே கலிபோர்னியா எல்லை தாண்டி கிரெசென்ட் சிட்டி வரை எட்டு நாளில் போய்வரலாம், ராத்திரிக்கு ஒரு முகாம் என்று மகன் திட்டம் போட்டிருக்கிறான். மருமகளும் நாலு வயதுப் பேரனும் வருவார்கள். எனக்கு ஆசைதான். மனைவிக்கு முட்டுவலி. அதைவிட, அவள் குளச்சலில் பிறந்தவள். சுனாமியில் தங்கையைப் பறிகொடுத்தவள். அலைச் சத்தம் கேட்கிற இடத்தில் இன்றும் அவளுக்கு உறக்கம் வராது. "மகனிடம் சொல்லாதீங்க, பிள்ளை ஆசைப்படுகிறான்" என்கிறாள். போகலாமா, வேண்டாமா? போனால் நானும் வண்டி ஓட்டலாமா?
— பெயர் வேண்டாம், திங்கள்நகர்

பதில்:

அண்ணாச்சி, போகலாம். ஆனால் மகன் போட்ட திட்டப்படி வேண்டாம். அந்தத் திட்டத்தில் மைனிக்கு இடமே இல்லை.

முதலில் கணக்கைப் பாருங்கள். போர்ட்லாண்டிலிருந்து அஸ்டோரியா, அங்கிருந்து 101-ஆம் நெடுஞ்சாலையில் கிரெசென்ட் சிட்டி, திரும்பி உள்நாட்டுச் சாலை வழியாக வீடு என்றால் ஏறத்தாழ 800 மைல். நம் கணக்கில் 1,280 கிலோமீட்டர். வரைபடத்தில் எட்டு நாளுக்கு அது சின்ன தூரமாகத் தெரியும். ஆனால் 101 என்பது மலை ஏறி இறங்கி, ஊர் ஊராகப் புகுந்து போகிற வளைவுச் சாலை. காரில் இரண்டு மணி நேரம் என்றால் 25 அடி நீள ஆர்.வி.யில் மூன்று மணி நேரம் ஆகும். தினமும் முகாம் மாற்றினால், காலையில் தண்ணீர்க் குழாயையும் கரண்ட் வயரையும் கழற்றி, அலமாரி ஒவ்வொன்றையும் பூட்டி, சாயங்காலம் அடுத்த ஊரில் எல்லாவற்றையும் திரும்ப மாட்ட வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன்னால் மகள் குடும்பத்தோடு அந்தக் கரையில் இப்படித்தான் போனேன். முதல் நாலு நாளும் கடலை வண்டி ஜன்னல் வழியாகத்தான் பார்த்தோம். ஐந்தாவது நாள் மகளிடம் "இனி இங்கேயே இருப்போம்" என்றேன். அப்புறம்தான் அது பயணமாக இருந்தது.

சரி, மைனி விஷயத்துக்கு வருகிறேன். அதுதான் உங்கள் கடிதத்தில் பெரிய விஷயம்.

அந்தக் கரை நெடுக, சாலையோரத்தில் நீல நிறப் பலகைகள் இருக்கும். பெரிய அலை ஒன்று, அதற்கு முன்னால் மேடேறி ஓடுகிற ஒரு மனிதன். சுனாமி அபாயப் பகுதி தொடங்குகிறது என்று ஒரு பலகை சொல்லும், முடிகிறது என்று இன்னொன்று சொல்லும். ஒரே நாளில் இருபது தடவையாவது கண்ணில் படும். மகன் கடைசியில் போய்ச் சேர நினைக்கிற கிரெசென்ட் சிட்டியே சுனாமியில் அடிபட்ட ஊர்தான். 1964 மார்ச்சில் அலாஸ்காவில் ஏற்பட்ட நிலநடுக்கத்தால் எழுந்த அலை ராத்திரியில் அந்த ஊருக்குள் புகுந்து 11 பேரைக் கொண்டுபோனது. ஓரிகனுக்கு எதிரே கடலடியில் காஸ்கேடியா என்ற நிலப்பிளவு இருக்கிறது. 1700 ஜனவரி 26-இல் அங்கே வந்த பெரிய நடுக்கத்தின் அலை பசிபிக்கைக் கடந்து ஜப்பான் வரை போனது. அன்று ஜப்பானில் எழுதி வைத்த குறிப்புகளை வைத்துத்தான் தேதியையே கண்டுபிடித்தார்கள்.

பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. மைனி இதையெல்லாம் வண்டி ஜன்னல் வழியாகத் திடீரென்று பார்க்கக்கூடாது. வீட்டில் உட்கார்ந்து, உங்கள் வாயால் முன்கூட்டியே கேட்க வேண்டும். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி காலையில் குளச்சலில் யாருக்கும் ஒரு சொல் முன்னறிவிப்பு இல்லை. நிலம் அதிர்ந்தது சுமத்ராவில். நமக்குத் தெரிந்ததெல்லாம் தண்ணீர் வந்த பிறகுதான். ஓரிகன் கரையில் நிலைமை வேறு. தூரத்து நடுக்கம் என்றால் எச்சரிக்கை கொடுக்க மணிக்கணக்கில் நேரம் இருக்கும். பக்கத்து நடுக்கம் என்றால் காலடி நிலம் குலுங்குவதே எச்சரிக்கை. சைரனுக்குக் காத்திராமல் உடனே மேட்டுக்கு நடந்துவிட வேண்டும். எந்த முகாமிலிருந்து எந்த மேட்டுக்கு எந்த வழியில் போவது என்று ஓரிகன் மாநிலப் புவியியல் துறை வரைபடமே போட்டு வைத்திருக்கிறது. எந்த முகாமுக்குப் போனாலும், இறங்கியதும் மைனியின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த வழியில் ஒரு தடவை நடந்துவிட்டு வாருங்கள். வழி தெரிந்த கால்களுக்குப் பயம் கொஞ்சம் குறையும்.

அதோடு, அலைச் சத்தத்தின் பக்கத்தில் அவர் படுத்துத்தான் ஆக வேண்டும் என்று ஒன்றுமில்லை. அஸ்டோரியா பக்கத்து ஃபோர்ட் ஸ்டீவன்ஸ் நல்ல முகாம்தான். 1906-இல் கரைதட்டிய பீட்டர் அயர்டேல் என்ற கப்பலின் இரும்புக் கூடு இன்றும் அங்கே மணலில் நிற்கிறது. ஆனால் தாழ்வான இடம். அதை இந்தத் தடவை விட்டுவிடுங்கள். நான் சொல்வது ஃப்ளாரன்ஸ் ஊருக்குத் தெற்கே மூன்று மைலில் இருக்கிற ஹனிமேன் மாநிலப் பூங்கா. அங்கே முகாமுக்கும் கடலுக்கும் நடுவே இரண்டு மைல் அகலத்துக்கு மணல்மேடுகள். நம் தேரிக்காட்டு மணல் மாதிரி சிவப்பில்லை, வெளிறிய நிறம். அந்த மேடு ஓரிடத்தில் சரிந்து நேராக நன்னீர் ஏரிக்குள் இறங்கும். பேரனுக்கு அந்தச் சரிவும் ஏரியும் போதும், நாள் முழுக்க வெளியே வரமாட்டான். கடல் வேண்டும் என்கிறபோது காரில் போய்ப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் மரங்களுக்கு நடுவே திரும்பி வரலாம்.

ஆமாம், கார். ஆர்.வி.யை மகன் ஓட்டட்டும், மருமகள் காரில் பின்னால் வரட்டும். செலவு கூடும் என்பான். ஆனால் நிலைநிறுத்திய வண்டியை ஒவ்வொரு முறையும் கிளப்பிக்கொண்டு பால் வாங்கப் போக முடியாது. பேரனின் குழந்தை இருக்கையைப் பொருத்துவதற்கும் காரே மேல், ஆர்.வி.யின் சாப்பாட்டு மேசைப் பக்கவாட்டு இருக்கை அதற்கு ஆகாது.

நீங்கள் ஓட்ட வேண்டாம் அண்ணாச்சி. ஸ்டியரிங் இடது பக்கம், ஓட்டுவது வலது பக்கம், வண்டி நம் ஊர் மினிபஸ் நீளம் இருக்கும், பக்கக் காற்றில் ஆடும். உங்களுக்கு வேறு வேலை தருகிறேன், கீழே வரும்.

என் திட்டம் இதுதான். முதல் ராத்திரி போர்ட்லாண்டிலிருந்து 25 மைலில், வில்லமெட் ஆற்றங்கரையில் உள்ள சாம்போயெக் பூங்கா. எதையாவது மறந்திருந்தால் வீட்டுக்குப் போய் எடுத்துவர முடிகிற தூரம். மறுநாள் யூஜின் வழியாக ஏறத்தாழ 150 மைல் ஓட்டி ஹனிமேன். அங்கே நாலு ராத்திரி. அங்கிருந்து வடக்கே 50 மைலில் நியூபோர்ட். மைனிக்கு அதற்குள் மனம் தெளிந்திருந்தால், வரைபடத்தில் அபாயக் கோட்டுக்கு வெளியே இருக்கிற ஓர் ஆர்.வி. பார்க்கில் இரண்டு ராத்திரி. இல்லையென்றால் நியூபோர்ட்டைப் பகலில் பார்த்துவிட்டு நேரே வீடு. அதை அன்றைக்குக் காலையில் மைனிதான் முடிவு செய்ய வேண்டும். மகனும் நீங்களும் வாய் திறக்கக்கூடாது. எல்லாம் சேர்த்து 400 மைலுக்குள் முடிந்துவிடும்.

ஹனிமேனிலிருந்து பார்க்க வேண்டியதில் முதலாவது ஹெசெட்டா ஹெட் கலங்கரை விளக்கம், 1894-இல் ஏற்றியது. மேலே ஏற வேண்டாம். ஸீ லயன் கேவ்ஸ் பக்கம் சாலையோரமாகக் காரை நிறுத்தினாலே, மலைச்சரிவில் வெள்ளையாக நிற்பது முழுசாகத் தெரியும். முட்டம் விளக்கைப் பாறைமேல் நின்று பார்த்தவர்களுக்கு அது அந்நியமாகவே இருக்காது. நியூபோர்ட்டில் மீன்பிடித் துறைக்குக் கட்டாயம் போங்கள். கோடை கடைசியில் சூரை பிடித்து வருகிற படகுகள் படகிலிருந்தே விற்பார்கள். தூத்தூர்க்காரர்கள் ஆழ்கடலில் தூண்டில் போட்டுக் கொண்டுவருகிற சூரையின் குடும்பத்து மீன்தான். மைனி மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துப் பேரம் பேசட்டும், அவருக்கு அந்தக் கரை தன் கரை மாதிரி ஆகிவிடும். தேங்காய் அரைத்துக் குழம்பு வையுங்கள். ஆனால் வண்டிக்குள் வேண்டாம். வாடகை வண்டியின் மெத்தையில் மீன் வாடை ஏறினால் சுத்தம் செய்யத் தனிக் கட்டணம் போடுவார்கள். முகாமில் மேசை இருக்கும், ஒரு சின்ன கேஸ் அடுப்பை அங்கே வைத்துக்கொள்ளுங்கள். உறைய வைத்த மரச்சீனி இந்தியக் கடைகளில் கிடைக்கும். மிச்சத்தை வெளியே விடாதீர்கள், ராத்திரி ரக்கூன் வந்து இழுத்துப் போட்டுவிடும்.

கடலில் ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். அமைதியாகத் தெரிகிற கரையில் திடீரென்று ஓர் அலை மற்றவற்றைவிட வெகுதூரம் ஏறி வரும். நம் பக்கம் கள்ளக்கடல் என்று பயப்படுகிறோமே, காரணம் வேறானாலும் ஆபத்து அதே மாதிரி. 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்களை நாம் இழந்தோம். ஓரிகனில் கூடுதலாகப் பெரிய பெரிய மரத்தடிகள் கரையில் கிடக்கும். அலை அவற்றைப் புரட்டினால் ஆள் தப்ப முடியாது. பேரனை அந்தத் தடிமேல் ஏற விடாதீர்கள், கடலுக்கு முதுகு காட்டி நின்று போட்டோ எடுக்காதீர்கள். தண்ணீரும் ஐஸ் மாதிரி இருக்கும், கோடையிலேயே 10 முதல் 13 டிகிரிதான்.

வண்டியைப் பற்றிக் கொஞ்சம். சி கிளாஸ் என்று கேட்டு எடுக்கச் சொல்லுங்கள். ஓட்டுநர் தலைக்கு மேல் உள்ள படுக்கைக்கு ஏணி ஏற வேண்டும், அது மகனுக்கு. பின்பக்கக் கட்டில் மைனிக்கு. வாசலில் இரண்டு மூன்று படி உண்டு, கைப்பிடி உறுதியாக இருக்கிறதா என்று எடுக்கும் முன் பாருங்கள். உள்ளே வெந்நீர்த் தொட்டி சுமார் 22 லிட்டர்தான், ஒரு வாளிக்குச் சற்று அதிகம். குளிக்கப் பூங்காவின் பொதுக் குளியலறைக்கே போய்விடலாம், வெந்நீர் வரும்.

உங்களுக்கான வேலை இதோ. கழிப்பறைத் தொட்டி வேறு, குளியல், பாத்திரம் கழுவிய தண்ணீர்த் தொட்டி வேறு. இரண்டையும் முகாமில் அதற்கென்று உள்ள குழியில்தான் காலி செய்ய வேண்டும். கையுறை போட்டு, தடித்த குழாயை வண்டியிலும் குழியிலும் இறுக மாட்டி, முதலில் கழிப்பறைத் தொட்டியின் வால்வைத் திறக்க வேண்டும். அது முழுதும் இறங்கிய பிறகு சோப்புத் தண்ணீர் வால்வைத் திறந்தால், அந்தத் தண்ணீரே குழாயைக் கழுவிவிடும். வரிசை மாறினால் குழாய் நாறிப்போகும். நிதானமான ஆள் ஒருவர் இதைக் கவனித்தால் வீட்டுப் பெண்களுக்கு அருவருப்பே இராது. கழிப்பறையைப் பற்றி மைனி கேட்கக் கூச்சப்பட்டிருப்பார், நீங்களே சொல்லிவிடுங்கள்.

ஜூலையை மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். ஜூலை, ஆகஸ்டில் காலை முழுக்கக் கடல்மூட்டம் நிற்கும், முகாம்களில் கூட்டமும் தாங்காது. செப்டம்பர் நடுவில் பள்ளிகள் திறந்திருக்கும், வானம் தெளிந்திருக்கும், பெருமழைக்கு இன்னும் நாள் இருக்கும். அப்போதும் ராத்திரி 10 டிகிரிக்கு வரும். மைனிக்குக் கம்பளிச் சாக்ஸும் காதை மூடுகிற குல்லாவும் வேண்டும். குளிரில் முட்டு பிடித்துக்கொண்டால் வலி கூடும்.

மாநிலப் பூங்காக்களில் ஆறு மாதத்துக்கு முன்னால் முன்பதிவு திறக்கும். செப்டம்பர் நடுவுக்கு இடம் வேண்டுமென்றால் மார்ச் நடுவிலேயே மகன் போட்டு வைக்க வேண்டும். அதற்கு முன்னால், மைனி வேண்டாம் என்றாலும், தங்கச்சியைப் பற்றியும் உறக்கம் வராததைப் பற்றியும் மகனிடம் சொல்ல அவரிடமே சம்மதம் வாங்குங்கள். சம்மதித்தால் போனை அவர் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் முற்றத்துக்குப் போய்விடுங்கள். அம்மாவும் பிள்ளையும் பேசட்டும்.