இரண்டு ஏக்கரும் இரண்டு நகரங்களும்

கேள்வி: பூதப்பாண்டி அருகே எனக்கு இரண்டு ஏக்கர் கால்வாய்ப் பாசன நஞ்சை இருக்கிறது. நெல்லில் கையில் ஒன்றும் நிற்பதில்லை. குலசேகரத்தில் இருக்கும் மைத்துனர் ரப்பர் வைக்கச் சொல்கிறார். நாகர்கோவில் பக்கம் என்பதால் காய்கறி போடலாமா, திருவனந்தபுரத்தை நம்பி வாழை வைக்கலாமா?

பதில்: மைத்துனர் சொல்வது அவருடைய மண்ணுக்குச் சரி. ரப்பருக்கு நீர் வடியும் மலைச்சரிவு வேண்டும், நஞ்சை ஆகாது. பால் வெட்டவே ஏழு ஆண்டு போல ஆகும். இன்னொன்று, காய்ந்த ரப்பர் ஷீட் மாதக்கணக்கில் கெடாது. சந்தை எட்டத்தில் இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. நகரத்தின் வாசலில் கிடக்கும் நிலத்தை அதற்குக் கொடுப்பானேன்?

இந்தக் கணக்கை 1826இல் புத்தகமாக எழுதியவர் ஃபான் தூனன் என்ற ஜெர்மானியர்; தாமே பண்ணை நடத்தியவர். விற்ற விலையில் சாகுபடிச் செலவும் வண்டிக்கூலியும் போக மிஞ்சுவதுதான் நிலம் தரும் வருவாய். ஆகவே நகரத்தைச் சுற்றி வளையம் வளையமாகப் பயிர்கள் அமையும் என்றார். முதல் வளையத்தில் பாலும் காய்கறியும். இரண்டாவதில், நம்புங்கள், காடு. விறகு பாரம் அதிகம், தூரத்திலிருந்து இழுத்துவரக் கட்டாது. அப்புறம் தானியம், கடைசியில் மேய்ச்சல். விறகடுப்பு போனதும் காட்டு வளையமும் போயிற்று, கணக்கு மட்டும் இன்னும் நிற்கிறது.

அவர் எடுத்துக்கொண்டது ஒரே நகரம், மேடுபள்ளமில்லாத சமவெளி. நமக்கு நாகர்கோவில் ஒரு பக்கம், எழுபது கிலோமீட்டர் போல எட்டத்தில் திருவனந்தபுரம் இன்னொரு பக்கம். போதாக்குறைக்குத் தோவாளையில் பூவுக்கென்றே தனிச் சந்தை. பூவும் கீரையும் வாடும் சரக்கு, அவற்றுக்குக் கிலோமீட்டரைவிட மணிக்கணக்குதான் பெரிது. வாழைக்குலை ஓர் இரவுப் பயணத்தைத் தாங்கும். ஆகவே திருவனந்தபுரம் அதற்கு எட்டாத ஊரல்ல.

உங்கள் நிலத்துக்கு வருவோம். சாலையோரம் அரை ஏக்கர் கீரை, வெண்டை, பயறு. கீரை ஒரு மாதத்தில் கைக்கு வரும். விடியுமுன் நாகர்கோவிலின் வடசேரிச் சந்தைக்குக் கொண்டுபோய்விடலாம். ஆனால் கிணறு இல்லாமல் இதில் இறங்காதீர்கள். கோதையாறு பாசனத்தில் வழக்கமாக ஜூன் முதல் பிப்ரவரி வரைதான் தண்ணீர். மார்ச் முதல் மே வரை கால்வாய் வறண்டு கிடக்கும்.

மேடான பகுதியில் முக்கால் ஏக்கர் ஏத்தன் (நேந்திரன்) வாழை. பத்து மாதப் பயிர், ஐப்பசியில் கன்று வைத்தால் ஓணத்தை ஒட்டிக் குலை வெட்டலாம். ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்காமல் வடிகால் வெட்டியாக வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று ஆனி, ஆடியில் குலை தள்ளிய வாழையைச் சாய்த்துவிடும். முட்டுக் கொடுக்கும் கம்புச் செலவை இப்போதே கணக்கில் எழுதுங்கள். தூனனின் சமவெளியில் காற்று வீசவில்லை!

மீதிப் பள்ளத்தில் கன்னிப்பூ, கும்பப்பூ இரு போகமும் நெல்லே இருக்கட்டும். அங்கே வேறெதுவும் தண்ணீரில் அழுகும்.

கன்று வாங்குமுன் ஒரு வேலை. வாழை ஏற்றும் லாரிக்காரரிடம் திருவனந்தபுரத்துக்குக் குலை ஒன்றுக்கு என்ன கூலி என்றும், கமிஷன் எவ்வளவு பிடிப்பார்கள் என்றும் கேளுங்கள். அதைக் கழித்தபின் நாகர்கோவில் விலையைவிடக் கூடுதலாக ஏதும் மிஞ்சாவிட்டால், குலையை வடசேரியிலேயே இறக்கிவிடுங்கள்.